ராமர் கலர் சட்டையும் பரங்கிமலை ஸ்டேஷனும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பரங்கிமலை ரயில்வே ஸ்டேஷனில் நான் உளவு பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். உளவுதான். ஒரு பையனை அவனுக்குத் தெரியாமல் கூட்டத்தில் ஒளிந்து கவனித்து, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதற்கு வேறு என்ன பெயர்?

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளிடம் பேசுவதற்கே மனசுக்குள் ஒத்திகை பார்ப்பவள் நான். பஸ்ஸில் என் ஸ்டாப் வந்தால் "இறக்கம் இருக்கு" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் வேறு யாராவது இறங்கும்போது பின்னாலேயே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருபவள். அப்புறம் எப்படி எழுதுகிறாய் என்கிறீர்களா? காகிதம் நம் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லையே... அதனால்தான்.

இப்படிப்பட்டவளை உளவுக்கு அனுப்பியது யார்? என் தம்பி மகள் பவித்ரா. ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

போன வருஷம் அவளுக்கு ஒரு இடம் நிச்சயமானது. பெரியவர்கள் முன்னால் அந்த மாப்பிள்ளை அப்படி ஒரு பணிவு. "மாமா உக்காருங்க, அத்தை சாப்டீங்களா" என்று தேன் ஒழுகும். நிச்சயம் முடிந்து எல்லோரும் உள்ளே தாம்பூலம் வாங்கிக்கொண்டிருந்தபோது, வெளியே கார் டிரைவரை அவன் காது கூசுகிற மாதிரி திட்டியதைப் பவித்ரா ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள். மறுநாளே மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு டிரைவருக்காகவா என்று தெருவே பேசியது. தம்பி ஒரு மாதம் யார் கல்யாணத்துக்கும் போகவில்லை.

இப்போது இரண்டாவது இடம். பையன் பெயர் விக்னேஷ். பூர்வீகம் நம்ம பக்கம்தான். பிறந்து வளர்ந்தது தாம்பரம். சென்னையில் வேலை. ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போட்டோல எல்லாரும் சிரிக்கிறாங்க அத்தை. பொண்ணு பார்க்க வந்தா எல்லாரும் நல்லவங்க. யாரும் பார்க்காதப்ப எப்படின்னுதான் எனக்குத் தெரியணும்" என்றாள் பவித்ரா.

"அதுக்கு நான் இன்னாடி பண்றது?"

"நீ போய் பார்த்துட்டு வா. நீ சரின்னா எனக்குச் சரி. வேணாம்னா வேணாம்."

"நானா? எனக்கு அங்க கைகால் எல்லாம் உதறும்!"

"உன்னை விட்டா ஆளே இல்ல அத்தை. நீ பக்கத்துல வந்து நின்னாலும் யாருக்கும் தெரியாது. இருக்கிற இடமே தெரியாம இருப்ப."

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கிளம்பியவளைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

ஏற்பாடு தரகர் முனிரத்தினத்தினுடையது. பட்டுப் புடவை வியாபாரமும் கல்யாணத் தரகும் சேர்த்துச் செய்பவர். போனில் மெதுவாகப் பேச அவருக்குத் தெரியாது.

"ஒன்னும் கவலைப்படாதீங்க அக்கா. பையன் தினம் தாம்பரத்துல ஏறி, பரங்கிமலையில இறங்கி, மேல மெட்ரோ ஏறுவான். கூட வேலை செய்யறவன் வர்ற வரைக்கும் மாடிப்படி கிட்ட நின்னுகினு இருப்பான். செவ்வாய்க்கிழமை ராமர் கலர் சட்டை போட்டுகினு வருவான். நல்லா பார்த்துக்குங்க."

"அவருக்குத் தெரியாதில்ல?"

"சேச்சே! அவனுக்கு ஒன்னும் தெரியாது. ஆமா, நீங்க இன்னா புடவை கட்டிகினு போறீங்க?"

"வாடாமல்லி. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்க்கா."

புடவைக்காரர், தொழில் பழக்கத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு மூளை அவ்வளவுதான்.

ராமர் கலர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டு நெய்கிற ஊரில் சாயத்துக்கெல்லாம் தனிப் பெயர். வெறும் சிவப்பு, பச்சை என்று சொன்னால் எங்களுக்குத் திருப்தி வராது. அரக்கு, மாந்துளிர், கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று பிரித்துச் சொன்னால்தான் புரியும். எங்கள் வீட்டுத் தறியில் ராமர் என்றால் பச்சை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குரோம்பேட்டையில் என் பெரிய மகன் வீடு. முந்தின நாளே அங்கே போய் இறங்கி, "கண் டாக்டரைப் பார்க்கணும்" என்று ஒரு பொய் சொல்லி, செவ்வாய்க்கிழமை காலை மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல்... ஒவ்வொரு போர்டையும் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. பரங்கிமலையில் நான் இறங்கவில்லை. கூட்டம் இறங்கியது. நான் அதன் நடுவில் இருந்தேன்.

ஐயோ, என்ன ஸ்டேஷன் அது!

எங்கள் ஊர் ஸ்டேஷன் தெரியுமில்லையா? பெயர் ஆரணி ரோடு, இருப்பது களம்பூரில். ரயில் பிடிக்கப் பஸ் பிடிக்க வேண்டும். எப்போதோ ஒரு வண்டி வரும். நாங்கள் ரொம்ப முன்னாலேயே போய் உட்கார்ந்து, தயிர்சாதம் சாப்பிட்டு, வண்டி வந்ததும் எழுந்து புடவையை உதறிவிட்டு நிதானமாக ஏறுவோம். யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

இங்கே? கீழே மின்சார ரயில், மேலே மெட்ரோ. பீச்சுக்கு ஒரு வண்டி, தாம்பரத்துக்கு ஒரு வண்டி, செங்கல்பட்டுக்கு ஒரு வண்டி. ஒன்று போன சூடு ஆறுவதற்குள் அடுத்தது. நடுவில் பாஸ்ட் வண்டி ஒன்று, இந்த ஸ்டேஷனே கண்ணில் படாத மாதிரி, தூசியை நம் முகத்தில் அடித்துவிட்டுப் போகிறது. ஒரு பெண் குரல் மூன்று மொழியில் மூச்சு விடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சமும் கூச்சமில்லாத குரல். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் எல்லோரும் ஓடுகிறார்கள்! படியில் ஏறுகிறவர்கள் ஓடுகிறார்கள், இறங்குகிறவர்கள் ஓடுகிறார்கள், தானே நகரும் எஸ்கலேட்டரில் நின்றால் போதாது என்று அதன் மேலும் ஓடுகிறார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். எப்போதோ ஒரு ரயில் வரும் ஊரில் யாரும் ஓடுவதில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் ரயில் வரும் ஊரில் நடக்க ஆளில்லை. அடுத்த வண்டி உடனே வரும் என்று தெரிந்தால் மனுஷனுக்கு இந்த வண்டியை விட மனசு வருவதில்லை போலிருக்கிறது.

மெட்ரோவுக்குப் போகும் படிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதன் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இடம் பிடித்தேன். பவித்ரா அனுப்பியிருந்த போட்டோ போனில் இருந்தது. தாடி, கண்ணாடி, சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தால், இறங்கி வருகிற பையன்களில் பாதிப் பேர் தாடி, கண்ணாடி. சிரிப்பு மட்டும் யாரிடமும் இல்லை. ஆகவே, சட்டைதான் வழி.

வந்தது சட்டை. சுத்தமான ராமர் பச்சை. எங்கள் தறியில் இருந்து இறக்கிய மாதிரி.

அவன் நேராக வந்து படிக்கட்டுக்குப் பக்கத்தில் என் பெஞ்சிலேயே உட்கார்ந்தான். என் இதயம் அடித்த அடியில் ரயில் அறிவிப்பு காதில் விழவில்லை. கையில் டீ. போன் அடித்தது.

"யம்மா, சும்மா சும்மா போன் பண்ணி பேஜார் பண்ணாத. மாத்திரை காணலன்னா தேடு. எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்? வை."

அம்மாவிடமா இப்படி?

ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து பெஞ்சைப் பார்த்தாள். நடுவில் அவனுடைய பை. அவன் அவளையும் பார்த்தான், பையையும் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். நான்தான் எழுந்து இடம் கொடுத்தேன். குடித்து முடித்த டீ கப்பை அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனான்.

எனக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம்... உண்மையைச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது. வந்த வேலையை எவ்வளவு கச்சிதமாக முடித்துவிட்டேன்! போனை எடுத்து, கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, "வேண்டாம்" என்று பவித்ராவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் விழுந்தது.

உடனே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கொஞ்ச தூரத்தில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது.

கத்திரிப்பூக் கலர் புடவை கட்டிய ஒரு அம்மா. என் வயசு இருக்கும், என்னைவிட இரண்டு மடங்கு குரல். அவர் பக்கத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு பையன். "பையைக் குடுங்கம்மா, நான் வெச்சிக்கிறேன்" என்றான். பாட்டில் தண்ணீரைத் திறந்து நீட்டினான். பேப்பரை மடித்து விசிறினான். "டிபன் சாப்டீங்களா? வெயில் உங்க மேல படுது, இப்படி வாங்க" என்றான். பெத்த பிள்ளைகூட அப்படித் தாங்க மாட்டான். இந்த மாதிரி ஒருத்தன் நம் பவித்ராவுக்குக் கிடைக்காமல் அந்த டீ கப்புக்காரன் வந்து வாய்த்தானே என்று மனசுக்குள் புலம்பினேன்.

அந்த அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். ஒரு கையால் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் பையை இழுத்தார். அவனும் மரியாதைக்காக விடாமல் பிடித்தான்.

"யாருடா நீ? வுடுடா பையை! வந்ததுல இருந்து பார்க்கறேன், தண்ணி குடுக்கற, விசிறி வுடற! மயக்க மருந்து கலந்துட்டியா?"

"ஐயோ, இல்லம்மா..."

"ஏம்பா, வந்து இவனைப் புடிங்கப்பா! சங்கிலி அறுக்க வந்துகீறான்!"

அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஸ்டேஷன் நின்றது. சும்மா சொல்லவில்லை. ரயிலுக்காக நிற்காதவர்கள் சண்டைக்காக நின்றார்கள். பையனைச் சுற்றி வட்டம். ஒருவர் அவன் காலரைப் பிடித்தார். இன்னொருவர் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். பையன் முகம் வெளுத்துப் போய், கைகளைத் தூக்கிக்கொண்டு சொன்னான்:

"அம்மா, நீங்க ஆரணியில இருந்து வர்ற அத்தைதானே? வாடாமல்லி கலர் புடவைன்னு தரகர் சொன்னாரே..."

அவன் சட்டையை மறுபடி பார்த்தேன்.

நீலச் சட்டை. சாதாரண நீலம் இல்லை. ராமர் நீலம். எங்கள் வீட்டில்தான் ராமர் என்றால் பச்சை. நாலு தெரு தள்ளி, முனிரத்தினம் வீட்டில் ராமர் என்றால் நீலம்! இது தெரிந்த விஷயம்தான். தெருவுக்குத் தெரு வாதாடுகிற விஷயம்தான். பத்து பச்சைக்கு நடுவில் ராமரைக் கண்டுபிடிக்கிறவள் நான், ஒரு சட்டைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்தப் பையன் மட்டும் என்ன? சென்னையில் வளர்ந்தவனுக்கு வாடாமல்லியும் கத்திரிப்பூவும் ஒன்றுதான். நான் தப்பான மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தப்பான அத்தையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

காலரைப் பிடித்தவர் கையை ஓங்கினார். இப்போது யாராவது பேசியாக வேண்டும். சுற்றிப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவள் அந்த ஸ்டேஷனிலேயே நான் ஒருத்திதான்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தேன். அத்தனை பேருக்கு முன்னால், என் வாழ்நாளில் முதல்முறையாக, இரைந்து கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? "அவனை விடுங்க" என்றா? "அவன் நல்லவன்" என்றா?

"அது வாடாமல்லி இல்லப்பா! கத்திரிப்பூ! இதுதான் வாடாமல்லி!"

என் முந்தானையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. வீடியோவும் திரும்பியது.

"இது யாரும்மா நடுவுல?" என்றார் அந்த அம்மா.

"நான்தாங்க ஆரணி அத்தை" என்றேன். "இந்தப் பையனை எங்க பொண்ணுக்குக் கேட்டுகினு இருக்காங்க. எப்படிப்பட்டவர்னு யாருக்கும் தெரியாம பார்க்க வந்தேன். அவருக்கு உங்களை நான்னு நெனைப்பு. திருடன் இல்லீங்க. மாப்பிள்ளை."

காலரைப் பிடித்தவர் காலரை நீவிவிட்டு, "சாரி மாப்ள" என்றார். ஒரே சிரிப்பு. அறிவிப்புக் குரல் பீச் வண்டி வருகிறது என்றது. யாரும் நகரவில்லை.

அந்த அம்மாவுக்கு மட்டும் கோபம் தீரவில்லை. "அடப்பாவி! அப்போ தண்ணி குடுத்தது, விசிறினது எல்லாம் அவங்களுக்காகவா? எனக்காக இல்லையா?"

விக்னேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் என்னைப் பார்த்து, "அத்தை, ஒன்னு சொல்லிடறேன்" என்றான். "நான் தினம் இந்த மாதிரி யாருக்கும் பை தூக்கறவன் கெடையாது. அத்தை பார்க்க வருவாங்க, நல்லவிதமா நடந்துக்கோன்னு தரகர்தான் சொன்னாரு. மத்த நாள்ல நானும் ஓடிகினுதான் இருப்பேன். பக்கத்துல யாரு நிக்கறாங்கன்னுகூட பார்க்க மாட்டேன்."

சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் நம்பித்தான் இருந்தேன். அவன் விசிறிய பேப்பர் இன்னும் கையில் இருந்தது, அதை என்ன செய்வது என்று தெரியாமல் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'வேண்டாம்'! நீல டிக்!

உடனே பவித்ராவுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது. "அவரு தரகருக்குப் போன் போட மாடிக்குப் போயிருக்காரு. விடு அத்தை. எனக்கு இப்படித்தான் அமையும் போல."

"அடியே, ஜல்தியா ஓடு! அப்பா கையில இருந்து போனைப் புடுங்கு!"

"என்ன அத்தை?"

"நான் பார்த்தது வேற ஆளுடி! பச்சை ராமர்! இது நீல ராமர்!"

மறுமுனையில் தடதடவென்று படி ஏறும் சத்தம். "அப்பா! அப்பா, வைங்க! வைங்கப்பா!" என்று ஒரு கூச்சல். இந்தப் பக்கம் ஸ்டேஷனே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கத்திரிப்பூ அம்மா என் தோளைப் பிடித்து, "இன்னா ஆச்சு? சொல்லிட்டாரா?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பவித்ரா மூச்சிரைக்க வந்தாள். "ரிங்தான் போச்சு. தரகர் எடுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். அத்தை... நீயா கத்துற? ஏன் இவ்ளோ சத்தம்? எத்தனை பேரு இருக்காங்க அங்க?"

"ஸ்டேஷனே இருக்குது."

"அத்தனை பேரு முன்னாடி பேசினியா நீ? அவரு எப்படின்னு அப்புறம் சொல்லு. முதல்ல நீ என்ன பேசினன்னு சொல்லு!"

என்னத்தைச் சொல்வது? நான் பார்த்ததில் பாதி வேறு ஆள், மீதி நடிப்பு. இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ நான் எப்படிச் சொல்ல முடியும்? யோசிக்காமல் போனை விக்னேஷ் கையில் கொடுத்துவிட்டேன்.

"இப்ப என்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுப்பா."

அவன் போனை வாங்கி, வட்டத்தைப் பார்த்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஹலோ... நான் விக்னேஷ் பேசறேன். இல்லங்க... தினம் யாருக்கும் பையெல்லாம் தூக்க மாட்டேன். அந்தம்மா என்னைத் திருடன்னு சொல்லிட்டாங்க. ஆமா, நடிச்சேன். சரியா வரல..." அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. எனக்கே கேட்டது. ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு.

பேசி முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தான். கத்திரிப்பூ அம்மா அவனை விடவில்லை. "திருடன்னு சொன்னதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். நடிச்சதுக்கு நீ பையை எடு. மெட்ரோ வரைக்கும் கொண்டாந்து வுடு. யம்மா வாடாமல்லி, நீயும் வா. பொண்ணுக்கு எத்தினி வயசு?"

மூன்று பேரும் எஸ்கலேட்டரில் மேலே போனோம். எனக்கு மேலே ஒரு வேலையும் இல்லை. நான் திரும்பிப் போக வேண்டிய ரயில் கீழேதான் வரும். "எனக்கு இல்லீங்க" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. போய்விட்டேன். மேலே போய், அவர்களை அனுப்பி, மறுபடி கீழே வந்து, அதற்குள் இரண்டு தாம்பரம் வண்டியை விட்டேன். நான் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பவித்ராவே சென்னைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை தம்பியிடம் சரி என்றாள். என்ன பார்த்துச் சரி என்றாய் என்று கேட்டதற்கு, "என்கிட்டயும் நடிச்சுப் பார்த்தாரு அத்தை. ரெண்டு நிமிஷத்துல மாட்டிக்கிட்டாரு" என்றாள்.

இப்போது இருவரும் தினமும் போனில் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி, இதுவரை யாரும் என்னை அனுப்பவில்லை.